கிடங்கில் இருப்பு இருந்தால் போதுமா? வைட்டமின் ஏ-வைச் சுமக்கும் புரதங்கள் சொல்லும் பாடம்

குழந்தைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனைக்குப் போகிறார்கள். "முழு பேக்கேஜா எடுத்துக்கோங்க, வைட்டமினும் சேர்ந்து வந்துடும்" என்கிறார் ஆய்வகத்தில் இருப்பவர். மறுநாள் செல்போனுக்கு வரும் அறிக்கையில் வைட்டமின் ஏ எண் மட்டும் குறைவு என்று தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் பதற்றம். "தினமும் கேரட் ஜூஸ் குடுக்குறேனே, அப்புறம் எப்படி?" என்று அம்மா கேட்கிறார். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிவர அப்பா கிளம்பிவிடுகிறார்.

கொஞ்சம் நில்லுங்கள். அறிக்கை பொய் சொல்லவில்லை. ஆனால், அது சொல்வதும் நாம் புரிந்துகொள்வதும் வேறு வேறு.

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் அரிசி இல்லை என்றால் கிடங்கே காலி என்று அர்த்தமா? கிடங்கில் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருக்கலாம். ஏற்றிவர லாரி வராமல் போயிருக்கலாம். நம் உடலில் வைட்டமின் ஏ-வின் கிடங்கு கல்லீரல். லாரி ஒரு புரதம். ரத்தப் பரிசோதனை எண்ணுவது சாலையில் ஓடும் லாரிகளை மட்டுமே. கிடங்கு இருப்பை அது நேரடியாகப் பார்ப்பதில்லை.

இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் தேவையில்லாத மாத்திரைகளைத் தவிர்க்கலாம். அரை நூற்றாண்டாக நடந்துவரும் வைட்டமின் ஏ திட்டத்தையும் சரியான கோணத்தில் பார்க்கலாம்.

லாரி எதற்கு?

வைட்டமின் ஏ எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். ரெட்டினால் எனப்படும் வைட்டமின் ஏ அப்படியே ரத்தத்தில் கலந்து ஓட முடியாது. தனியாக அலையும் ரெட்டினால் செல்களின் மேல்சவ்வையும் கெடுக்கும். அதனால் அதற்கு எப்போதும் ஒரு துணை வேண்டும்.

முட்டை மஞ்சள்கரு, பால், ஈரல், மீன் எண்ணெய் ஆகியவற்றில் வைட்டமின் ஏ நேரடியாகவே இருக்கிறது. முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி, மாம்பழம் போன்றவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின். அதைச் சிறுகுடல்தான் வைட்டமின் ஏ-வாக மாற்றுகிறது. இரண்டும் உள்ளே போக சாப்பாட்டில் கொஞ்சம் கொழுப்பு தேவை. கீரையைத் தேங்காயும் எண்ணெயும் சேர்த்துப் பொரியல் செய்யும் நம் வழக்கத்துக்கு இப்படி ஒரு பலனும் உண்டு. சாப்பிட்ட பிறகு கொழுப்புத் துளிகளோடு சேர்ந்து பயணிக்கும் வைட்டமின் ஏ, வழியில் சில திசுக்களுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, பெரும்பகுதி கல்லீரலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே நட்சத்திர செல்கள் எனப்படும் தனி வகை செல்களில் சேமிக்கப்படுகிறது. நன்றாகச் சாப்பிடும் பெரியவர்களின் கல்லீரலில் பல மாதங்களுக்குத் தேவையான இருப்பு இருக்கும்.

கண்ணுக்கோ தோலுக்கோ தேவை வரும்போது கல்லீரல் ஒரு புரதத்தைத் தயாரித்து, அதில் ரெட்டினாலை ஏற்றி ரத்தத்தில் விடுகிறது. ரெட்டினால் பிணைப்புப் புரதம், சுருக்கமாக ஆர்.பி.பி.4 என்று அதற்குப் பெயர். ஒரு புரத மூலக்கூறு ஒரே ஒரு ரெட்டினாலைத்தான் சுமக்கும். மனித ரத்தத்தில் இதைப் பிரித்தெடுத்து 1968-ல் விவரித்தவர்கள் மசமிட்சு கனாய், அமிராம் ரஸ், டிவிட் குட்மன் ஆகிய ஆய்வாளர்கள்.

இந்த லாரி ரொம்பச் சின்னது. தனியாகப் போனால் சிறுநீரகத்தின் சல்லடை வழியாக நழுவிவிடும். அதனால் டிரான்ஸ்தைரெட்டின் என்ற பெரிய புரதம் அதோடு ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. தைராய்டு ஹார்மோனைச் சுமப்பதும் இதே புரதம்தான். இறக்குமிடத்தில் ஸ்ட்ரா6 என்ற வாசல் இருக்கிறது. ரெட்டினாலை உள்ளே எடுத்துக்கொண்டு, காலியான லாரியை வெளியே அனுப்பிவிடும். இந்த வாசலை 2007-ல் அடையாளம் கண்டது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் இயங்கும் ஹுய் சுன் குழு. கண்ணின் விழித்திரைக்குப் பின்னுள்ள செல் அடுக்கில் இந்த வாசல்கள் அதிகம்.

செல்லுக்குள் போன ரெட்டினால் இரண்டு விதமாக மாறுகிறது. ஒரு வடிவம் மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவுகிறது. இன்னொரு வடிவமான ரெட்டினாயிக் அமிலம் நேராக மரபணுக்களிடம் போய், எது வேலை செய்ய வேண்டும், எது ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்கிறது. தோல், குடல், நுரையீரல் ஆகியவற்றின் உள்படலம், நோய் எதிர்ப்பு, கருவின் வளர்ச்சி எல்லாம் இதில் அடக்கம். "கேரட் கண்ணுக்கு நல்லது" என்பது பாதிக் கதைதான்.

லாரியே இல்லாவிட்டால்?

இந்தக் கேள்விக்கு 1999-ல் இரண்டு பக்கமிருந்தும் விடை வந்தது. ஆர்.பி.பி. புரதத்தை உருவாக்கும் மரபணுவை நீக்கிய எலிகளை ஆராய்ந்தார்கள். கல்லீரலில் வைட்டமின் ஏ வழக்கத்தைவிட அதிகமாகச் சேர்ந்திருந்தது. ஆனால், அதை வெளியே எடுக்க வழியில்லை. இளம் எலிகளின் பார்வை பாதிக்கப்பட்டது. போதுமான வைட்டமின் ஏ உள்ள உணவைத் தொடர்ந்து கொடுத்தபோது சில மாதங்களில் பார்வை தேறியது. லாரி இல்லாதபோது, சாப்பாட்டோடு வரும் கொழுப்புத் துளிகள்தான் மாற்று வழியாகக் கைகொடுத்தன.

அதே ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த இரண்டு சகோதரிகளைப் பற்றிய மருத்துவ அறிக்கை வெளியானது. இருவருக்கும் ஆர்.பி.பி. மரபணுவில் கோளாறு. ரத்தத்தில் ரெட்டினால் மிகக் குறைவு. மாலைக்கண் இருந்தது, விழித்திரையும் பாதிக்கப்பட்டிருந்தது. ஆனால், வளர்ச்சியில் பெரிய குறை இல்லை. மற்ற உறுப்புகள் உணவிலிருந்து நேரடியாகக் கிடைத்ததை வைத்துச் சமாளித்துக்கொண்டன. கண்ணால்தான் லாரி இல்லாமல் சமாளிக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட மரபணுக் கோளாறு மிக அரிது. ஆனால், லாரிகள் குறைந்துபோவது அரிதல்ல. ஆர்.பி.பி.4 ஒரு புரதம். அதைச் செய்யவே சாப்பாட்டில் புரதம் வேண்டும். சில மணி நேரம் மட்டுமே அது ரத்தத்தில் தங்கும் என்பதால், கல்லீரல் ஓயாமல் புதிதாகத் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடும் புரதக் குறைவு உள்ள குழந்தையின் கல்லீரலில் வைட்டமின் ஏ இருந்தாலும் அதை ஏற்றியனுப்ப ஆளில்லை. துத்தநாகக் குறைவும் இதே நிலைக்குத் தள்ளும் என்பதை விலங்குகளில் நடந்த ஆய்வுகள் 1973-லேயே காட்டின.

இந்த ஆராய்ச்சியில் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமியும், ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த உயிர்வேதியியலாளர் ஆன்டோனெட் பிரீயும் இன்னும் இருவரும் சேர்ந்து 1977-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வைட்டமின் ஏ குறைவால் கண் வறண்டுபோன, ஊட்டம் குறைந்த குழந்தைகளை ஊட்டச்சத்து மையத்தில் சேர்த்து, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ரத்தத்தில் இந்தப் புரதத்தை அளந்தார்கள். குழந்தையின் கண்ணைக் காப்பாற்ற வைட்டமினை மட்டும் பார்த்தால் போதாது, அதைச் சுமக்கும் புரதத்தையும் பார்க்க வேண்டும் என்ற புரிதல் அப்போதே நம் ஊரில் இருந்திருக்கிறது.

காய்ச்சல் காலத்து எண்

இப்போது அந்த ஆய்வக அறிக்கைக்கு வருவோம். உடலில் தொற்றோ அழற்சியோ வரும்போது கல்லீரல் தன் வேலைகளை மாற்றியமைத்துக்கொள்கிறது. கிருமியை எதிர்க்கும் புரதங்களை அதிகமாகவும், ஆர்.பி.பி.4, டிரான்ஸ்தைரெட்டின் போன்றவற்றைக் குறைவாகவும் தயாரிக்கிறது. வெள்ளம் வந்தால் லாரிகள் பாதி ஓடாது இல்லையா, அதுபோலத்தான். கிடங்கு இருப்பு மாறாவிட்டாலும் ரத்தத்தில் வைட்டமின் ஏ எண் இறங்கிவிடும். காய்ச்சல் விட்டுக் கொஞ்ச நாள் ஆனதும் பெரும்பாலும் தானாக ஏறிவிடும்.

ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. தட்டம்மை வந்த குழந்தைகளுக்கு அடுத்தடுத்த இரண்டு நாட்கள் வைட்டமின் ஏ கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நோய் உயிருக்கும் கண்ணுக்கும் ஆபத்தை உண்டாக்கும். ஆனால், அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். செல்போனில் வந்த அறிக்கையைப் பார்த்து நாமே முடிவு செய்யக் கூடாது.

எண்ணும் இருப்பும் ஒன்றல்ல என்பதற்கு இன்னொரு சான்று புதிய மருந்து ஒன்றிலிருந்து கிடைக்கிறது. டிரான்ஸ்தைரெட்டின் புரதம் உருக்குலைந்து நரம்புகளிலும் இதயத்திலும் படியும் ஒரு நோய் உண்டு. அந்தப் புரதத்தின் உற்பத்தியையே குறைக்கும் பட்டிசிரன் என்ற மருந்துக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கூட வரும் புரதம் குறைவதால் நோயாளியின் ரத்தத்தில் வைட்டமின் ஏ-வும் இறங்குகிறது. அன்றாடத் தேவைக்கான அளவு வைட்டமின் ஏ எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆனால், ரத்த எண்ணை மேலே ஏற்ற வேண்டும் என்று அளவைக் கூட்டக் கூடாது என்றும் சேர்த்தே எச்சரிக்கிறார்கள். உடலில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த எண் காட்டாது என்பதே காரணம்.

கிடங்கு வழிந்தால்

"வைட்டமின்தானே, கொஞ்சம் கூடப் போனா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீரில் கரையும் வைட்டமின் சி அதிகமானால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். வைட்டமின் ஏ அப்படிப் போகாது. மாதக்கணக்கில் அதிக அளவு மாத்திரை எடுத்தால் கிடங்கு நிரம்பி வழியும். லாரிகள் எல்லாம் நிறைந்துவிட, மிச்சம் கட்டுப்பாடில்லாமல் கொழுப்புத் துகள்களோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றும். வைட்டமின் ஏ நஞ்சான நோயாளிகளிடம் இதைத்தான் 1976-லேயே கண்டார்கள். தலைவலி, வாந்தி, முடி உதிர்தல், எலும்பு வலி, கல்லீரல் பாதிப்பு என்று அது வெளிப்படும்.

கர்ப்பிணிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் அதிக அளவு வைட்டமின் ஏ மாத்திரை கருவின் உறுப்பு உருவாக்கத்தைக் கெடுக்கலாம். முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையும் இதே குடும்பம்தான். அதைச் சாப்பிடும்போது கர்ப்பம் கூடாது என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு வேறொரு சிக்கல். பழைய லாரிகளை உடைத்து அகற்றும் வேலை சிறுநீரகத்துடையது. அது நடக்காதபோது ஆர்.பி.பி.4-உம் வைட்டமின் ஏ-வும் ரத்தத்தில் தேங்கும். அவர்கள் வைட்டமின் ஏ உள்ள சத்து மாத்திரையைத் தாங்களாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

கீரை, பழங்களுக்கு இந்தப் பயம் தேவையில்லை. பீட்டா கரோட்டினை எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதை உடலே கட்டுப்படுத்திக்கொள்ளும். அளவுக்கு மீறினால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான்.

சர்க்கரை நோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2005-ல் இந்த லாரியின் கதையில் ஒரு திருப்பம் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பார்பரா கான் குழுவினர் ஒரு புதிரின் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். எலிகளின் கொழுப்பு செல்களில் மட்டும் குளுக்கோஸ் நுழையும் வாசலை நீக்கினால், சம்பந்தமே இல்லாத தசையும் கல்லீரலும்கூட இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை. கொழுப்பு செல்லிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோவது யார்? தேடியபோது கிடைத்தது ஆர்.பி.பி.4.

இந்தப் புரதத்தை நல்ல எலிகளுக்குச் செலுத்தியபோது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. மரபணுவை நீக்கியபோது இன்சுலின் நன்றாக வேலை செய்தது. மறு ஆண்டு மனிதர்களிடம் நடந்த ஆய்வில், உடல் பருமனோ இரண்டாம் வகை சர்க்கரை நோயோ உள்ளவர்களிடமும், சர்க்கரை நோய் உள்ள குடும்பத்தினரிடமும் இந்தப் புரதம் அதிகமாக இருந்தது. உடற்பயிற்சியால் யாருக்கு இன்சுலின் செயல்பாடு மேம்பட்டதோ அவர்களிடம் மட்டும் அது குறைந்தது.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் தொடர்பு தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. அளக்கும் முறை ஆய்வுக்கு ஆய்வு மாறியது ஒரு காரணம். சிறுநீரகம் பழுதானாலே இந்தப் புரதம் கூடிவிடும் என்பது இன்னொரு காரணம். ரத்தத்தில் ஓடும் ஆர்.பி.பி.4-க்கு முதன்மையான ஊற்று கல்லீரல்தான், கொழுப்பு செல் அல்ல என்று 2017-ல் எலிகளிடம் காட்டப்பட்டது. லாரி சரக்கு மட்டும் சுமக்கவில்லை, சேதியும் சுமக்கிறது என்பது வரை ஆதாரம் இருக்கிறது. அதைக் குறைத்து மனிதர்களின் சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை.

அதனால் "சர்க்கரை இருக்கா, கேரட்டைத் தொடாதே, வைட்டமின் ஏ ஏத்திவிட்டுடும்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். கூடுவது சுமக்கும் புரதம். நாம் சாப்பிடும் கீரை அதற்குக் காரணம் அல்ல. இடுப்புச் சுற்றளவைக் குறைப்பதும் தினமும் நடப்பதும்தான் இன்றைக்கும் கையில் உள்ள வழி.

சொட்டு மருந்தோடு முடிந்துவிடுமா?

இந்தியாவில் குழந்தைகளுக்கு அதிக அளவு வைட்டமின் ஏ கொடுக்கும் திட்டம் 1970-ல் பார்வை இழப்பைத் தடுக்கத் தொடங்கப்பட்டது. ஒன்பதாவது மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் என்று ஐந்து வயது வரை 9 தவணை. மாலைக்கண்ணும், விழி வெண்மையாகிப் பார்வை போவதும் பரவலாக இருந்த காலத்தில் அது அவசியமான முடிவு.

இன்றைய நிலை வேறு. 2016-18-ல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின்படி, 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளில் 18 சதவீதம் பேருக்கும், 5 முதல் 9 வயது வரை 22 சதவீதம் பேருக்கும் வைட்டமின் ஏ குறைவு. சின்னக் குழந்தைகளிடம் 20 சதவீதத்தைத் தொட்டால் அதைக் கடுமையான பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சராசரி அதன் விளிம்பில் நிற்கிறது, மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை பெரிதும் மாறுகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டுமா, தேவையானவர்களுக்கு மட்டுமா என்று நிபுணர்கள் விவாதிக்கிறார்கள்.

இதில் இரண்டு இந்திய ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று நம் திருச்சி மாவட்டத்தில் நடந்தது. லட்சுமி ரஹ்மத்துல்லா தலைமையில் சுமார் 15,000 குழந்தைகளிடம் நடந்த அந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை, உணவிலிருந்தே பெறக்கூடிய அளவுக்குச் சிறிய வைட்டமின் ஏ தவணை கொடுத்தார்கள். 1990-ல் வெளியான முடிவு: வைட்டமின் கிடைத்த குழந்தைகளிடம் இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. இன்னொன்று உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் குழந்தைகளிடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய தவணை. 2013-ல் வெளியான அதன் முடிவில் இறப்பு 4 சதவீதம்தான் குறைந்திருந்தது. அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவுதான். காலமும் இடமும் வேறு, திட்டம் நடந்த விதம் பற்றியும் சர்ச்சை உண்டு. ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் மோதவிடக் கூடாது. ஆனால், கொஞ்சம் கொஞ்சமாக, தவறாமல் கிடைப்பதற்கு மதிப்பு உண்டு என்பதைத் திருச்சி ஆய்வு நினைவூட்டுகிறது.

அந்த மதிப்பை அன்றாடம் தரக்கூடியது சாப்பாட்டுத் தட்டு. சொட்டு மருந்து கிடங்கை நிரப்பும். லாரி செய்யப் புரதம் வேண்டும், துத்தநாகம் வேண்டும். ஏற்றிய சரக்கு சேர, குழந்தைக்கு அடிக்கடி தொற்று வராமலும் இருக்க வேண்டும். அதாவது, சுத்தமான குடிநீர், கழிப்பறை, தடுப்பூசி. இவற்றில் எதையும் மருந்து பாட்டிலில் அடைக்க முடியாது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் சத்துணவில் வைக்கும் முட்டை சாதாரணமானது அல்ல. மஞ்சள்கருவில் வைட்டமின் ஏ, அதை உறிஞ்சக் கொழுப்பு, சுமக்கப் புரதம், கூடவே கொஞ்சம் துத்தநாகம். சரக்கும் லாரியும் டீசலும் ஒரே ஓட்டுக்குள். முட்டை சாப்பிடாத குழந்தைக்குப் பருப்பு, கொண்டைக்கடலை, பால், கீரை என்று சேர்த்துக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் பள்ளி நாட்களில் முட்டை தருகிறோம். முட்டையைத் தட்டிலிருந்து எடுக்கலாமா என்று விவாதிக்கும் மாநிலங்கள் இதை யோசிக்க வேண்டும்.

நம் கருத்து இதுதான். குறைபாடு அதிகம் உள்ள பகுதிகளில் சொட்டு மருந்து தொடர வேண்டும். அதை வேண்டாம் என்று தள்ளுவது ஆபத்து. ஆனால், தவணை கொடுத்ததோடு கணக்கை மூடக் கூடாது. அடுத்த கணக்கெடுப்புகளில் வைட்டமின் ஏ-வோடு அழற்சியையும் அளந்து, எண்ணைச் சரிசெய்து வெளியிட வேண்டும். அங்கன்வாடி உணவில் புரதத்தையும் கீரையையும் எண்ணெயையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். வைட்டமின் அறிக்கையை அனுப்பும் ஆய்வகங்கள், ‘காய்ச்சல் இருந்தால் இந்த எண் குறைவாகத் தெரியலாம், மருத்துவரைக் கேளுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்தால் பல வீடுகளில் பதற்றம் குறையும்.

அதுவரை, அறிக்கையில் அந்த எண் குறைவாக வந்தால் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். குழந்தைக்குச் சமீபத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்ததா, அந்தி நேரத்தில் தட்டுத்தடுமாறுகிறதா, சரியாகச் சாப்பிடுகிறதா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். தட்டில் முட்டையோ பருப்போ, கூடவே எண்ணெய் விட்ட கீரையோ இருக்கட்டும். கேரட் ஜூஸ் மட்டும் போதாது.